நகராத வண்டி

காலையில் எழுந்ததும் குரு மோட்டாரைப் போடுவான். போட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்துவைத்துப் பக்கத்திலேயே நிற்பான். தண்ணீர் ஏறுவதைப் பார்ப்பதைத் தவிர அங்கே வேறு வேலை இல்லை. விளிம்புக்கு நாலு விரல் கீழே வந்ததும் இறங்கிப் போய் நிறுத்துவான். பிறகு பல் விளக்குவான், குளிப்பான், கொடியில் கிடக்கிற சட்டையை உதறி அப்படியே போட்டுக்கொள்வான். கதவைப் பூட்டி, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பான். முச்சந்தியில் காந்தா கடையில் இட்லி. அதைத் தின்னும்போது எதிரே அவன் மனைவி சங்கரி நிற்பாள்.

நிற்பாள் என்றால் பலகையில். இரண்டு இரும்புக் கால்களின் மேல், ஓர் ஆள் உயரத்துக்கு. கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி எடுத்த படம். வெட்டியவர் அவசரக்காரர், குருவின் தோளும் அதன் மேல் கிடந்த மாலையில் கால்வாசியும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. படத்துக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் இப்படி இருந்தது:

"நான் வேகமாகப் போய் மோதினேன். நீங்கள் நிதானமாகப் போங்கள். இப்படிக்கு, சங்கரி, இயற்பியல் ஆசிரியை."

கீழே அதைவிடப் பெரிய எழுத்தில், "உபயம்: தணிகாசலம் பட்டு மாளிகை." அதற்கும் கீழே, "மோதல் ஆய்வுக் குழு."

சங்கரி இப்படிச் சொல்லவில்லை. போன பங்குனியில் அதே முச்சந்தியில் அவள் இறந்துபோனாள். அந்த இடத்தில் எதையும் சொல்ல அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

நடந்தது ஒன்றும் சிக்கலானதல்ல. தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் உற்சவத்தில் சாமிக்குப் பின்னால் ஒரு தள்ளுவண்டி வரும். விளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கிற ஜெனரேட்டர் அதன் மேல் உட்கார்ந்திருக்கும். சாமி கோயிலுக்குத் திரும்பியதும், முச்சந்திக்கு அப்பால் இருக்கிற சிறுபாலத்து மேட்டில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்துவிட்டு எல்லாரும் தூங்கப் போய்விடுவார்கள். மறுநாள் காலையில் பிரசாதப் பொங்கலுக்கு அடுப்புக் கூட்ட மூன்று கல் வேண்டியிருந்தது. இரண்டு கிடைத்தன. மூன்றாவதை யாரோ கண்டுபிடித்தார்கள். வண்டி மேட்டிலிருந்து இறங்கி வந்தது. சங்கரி ஸ்கூட்டரில் பாலத்துப் பக்கமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

செய்தி வந்து குரு ஓடினான். மாலையில் வீட்டுக்குத் திரும்பியபோது மாடியிலிருந்து தண்ணீர் படிக்கட்டு வழியாகத் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவன் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. பலகை வந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்க வேண்டியதாயிற்று. பலகையை எடுக்க வேண்டும்.

"இன்னாபா, இன்னிக்கும் பாத்துக்கினே துன்றியா?" என்றாள் காந்தா. "போய்க் கேளு அவங்கள. அதுல போட்டிருக்கிறது பொய்யின்னு எனக்கே தெரியுது. எனக்குப் படிக்கக்கூடத் தெரியாது."

மோதல் ஆய்வுக் குழு, மூடிப்போன ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. ஊரில் நடக்கும் மோதல்களை அறிவியல் முறையில் ஆராய்ந்து மக்களுக்கு அறிவு புகட்டுவது அதன் நோக்கம். தலைவர் முனைவர் கைலாசம், ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். செயலர் ஜான்சன். புரவலர் பட்டுக்கடை தணிகாசலம். புரவலர் என்றால் டீ, வடை, பலகைகள் ஆகியவற்றுக்குப் பொறுப்பு.

கூட்டம் தொடங்குமுன் ஒரு நிமிடம் யாரும் அசையக் கூடாது. நிலைமத்தைப் போற்றும் சடங்கு அது. குருவும் அசையாமல் உட்கார்ந்தான். அது அவனுக்குச் சிரமமாக இல்லை. நிமிடம் முடிந்தது. ஆனால் ஓய்வில் இருக்கும் பொருள் வெளிவிசை ஒன்று தாக்கும்வரை ஓய்விலேயே இருக்க வேண்டும் என்பதால் முதலில் யார் அசைவது என்று தெரியவில்லை. மேலும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்கள். டீ வந்தது. கூட்டம் தொடங்கியது.

"உங்க மிஸஸ் பலகைதானே? அருமையா வந்திருக்கு," என்றார் கைலாசம். "இந்த வட்டாரத்துல உந்தத்துக்குன்னு வச்ச முதல் பலகை அது."

"அவ அப்படிச் சொல்லல சார்."

"சொன்னாங்கன்னு நாங்க எங்க எழுதினோம்? சொல்லியிருப்பாங்கன்னு எழுதினோம். சாதாரண ஆளா இருந்தா விட்டிருப்போம். இவங்க இயற்பியல் டீச்சர். உந்தம் பாடமே நடத்தறவங்க. உயிரோட இருந்திருந்தா இந்தப் பலகைய அவங்க கையாலதான் திறந்து வச்சிருப்போம்."

ஜான்சன் தலையாட்டினார்.

குருவும் சங்கரியும் ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் இயற்பியல் படித்தவர்கள். அவள் அதைச் சொல்லிக்கொடுக்கப் போனாள். அவன் பட்டுப் புடவைக் கரைகளுக்குக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக டிசைன் போடப் போனான். படித்தது மறந்துவிடவில்லை. வடைத் தட்டை இழுத்துச் சிறுபாலம் என்று வைத்தான். டீ டம்ளர் வண்டி. பேனா மூடி ஸ்கூட்டர்.

"வண்டி சும்மா நின்னுக்கினு இருந்து இவ போய் இடிச்சிருந்தா, வண்டி பாலத்துப் பக்கமா நகர்ந்திருக்கணும் சார். ஆனா அது எங்க வீட்டுப் பக்கமா வந்து காந்தா கடை வாசல்ல நின்னுது. ஸ்கூட்டரையும் சேத்துத் தள்ளிக்கினு வந்திருக்குது. மொத்த உந்தமும் அந்தத் திசையில இருந்திருக்கு. வண்டிதான் வந்து இடிச்சிது."

கைலாசம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கணக்கு சரி. முழு மார்க் போடலாம். ஆனா ஒண்ணு விட்டுட்டீங்க. வண்டிக்கு டிரைவர் உண்டா?"

"இல்ல."

"சக்கரத்த ஓட்டற இன்ஜின்?"

"இல்ல சார். தள்ளுவண்டி."

"டிரைவரும் இன்ஜினும் இல்லாதது எங்க விதிப்படி வாகனம் இல்ல. வாகனம் இல்லாததுக்குக் குழு வேகம் போட முடியாது. ஆக வேகம் பூஜ்யம். நிறை எவ்வளவு இருந்தா என்ன? பூஜ்யத்தால பெருக்கினா உந்தம் பூஜ்யம். மிச்சம் இருக்கறது இரண்டாம் பொருளோட உந்தம் மட்டும்தான்."

"இரண்டாம் பொருள்னா?"

"உங்க மிஸஸ்."

தணிகாசலம் வடையை விண்டு வாயில் போட்டுக்கொண்டார். அவர் இளகிய மனசுக்காரர். "தம்பி, அந்த வண்டி நான் குடுத்தது. குடுத்ததும் அது சாமி சொத்தாப் பூட்ச்சு. அது இடிச்சிதுன்னு எழுதினா சாமி இடிச்சிதுன்னு ஆவும். புள்ளையார் மேல போய் எப்படிபா குத்தம் சொல்றது? உங்க வீட்டம்மாவே ஒத்துக்க மாட்டாங்க."

சங்கரி ஒத்துக்கொள்வாளா என்று குரு யோசித்துப் பார்த்தான். ஒத்துக்கொள்வாள் என்றுதான் தோன்றியது.

அடுத்த கூட்டத்துக்குக் காந்தாவைச் சாட்சியாக அழைத்துப் போனான். அவள் கடையை மூடிவிட்டு, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். அசையாத நிமிடத்தில் இரண்டு தடவை தும்மினாள். அதனால் நிமிடத்தை இரண்டு தடவை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

"வண்டி என்ன வேகத்துல வந்ததும்மா?" என்று கேட்டார் கைலாசம்.

"தடதடன்னு வந்துச்சு சார்."

"தடதடங்கறது அலகு இல்ல."

"அப்ப குடுகுடுன்னு போட்டுக்க."

"வினாடிக்கு எத்தனை மீட்டர்னு சொல்லணும்."

"நான் இட்லி ஊத்திக்கினு இருந்தேன். மீட்டர் போட்டுக்கினு வர்றதுக்கு அது இன்னா ஆட்டோவா?"

சாட்சி ஒலியை மட்டுமே கேட்டிருக்கிறார், இயக்கத்தை அளக்கவில்லை என்று குழு முடிவு செய்தது. காந்தா படியிறங்கும்போது, "ஏம்பா, இவங்க வீட்ல சோறு வெந்துச்சா இல்லையான்னு எத்த வச்சிப் பாப்பாங்க?" என்று கேட்டாள்.

அதன் பிறகு கூட்டம் தள்ளிப்போனது. மறுபடி தள்ளிப்போனது. தலைவருக்குப் பேத்தி பிறந்தது. புரவலருக்கு ஆடித் தள்ளுபடி வந்தது. குரு தினமும் தொட்டி நிரம்புவதைப் பார்த்தான், இட்லி தின்றான், எதிரே இருந்ததைப் படித்தான். வெயிலில் சிவப்பு எழுத்து கொஞ்சம் வெளுத்தது. குழு ஆளனுப்பி மறுபடி சிவப்பு அடித்தது.

ஒருநாள் அவன் கைலாசத்தை வழியில் பார்த்து, ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டான். அவர் கோபப்படவில்லை. நல்ல மாணவனிடமிருந்து நல்ல கேள்வி வந்ததுபோல மகிழ்ந்தார்.

"கணத்தாக்கு படிச்சிருக்கீங்கல்ல? முட்டைய சுவத்துல எறிஞ்சா உடையும். ரெண்டு பேர் புடிச்சிருக்கிற போர்வையில எறிஞ்சா உடையாது. ஏன்? உந்தம் மாறறது ரெண்டுலயும் ஒண்ணுதான். போர்வையில நேரம் கூடுது, அதனால விசை குறையுது. இப்ப உங்க மனுவை அன்னிக்கே நிராகரிச்சிருந்தா உங்களுக்கு எப்படி வலிச்சிருக்கும்? அதையே ரெண்டு வருஷம் எடுத்துச் செஞ்சா நீங்க கவனிக்கக்கூட மாட்டீங்க. இந்தக் குழு ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு மனுதாரருக்குக்கூட அடிபட்டதில்ல தம்பி."

"அப்ப நிராகரிக்கப் போறீங்களா சார்?"

"மெதுவா," என்றார் கைலாசம் அன்போடு.

குரு வேறு எதுவும் கேட்கத் தெரியாமல், "மேட்டுல அதே வண்டிய வச்சிக் கல்லை எடுத்துப் பாருங்க சார். நகருதா இல்லையான்னு தெரிஞ்சிடும்," என்றான். சொன்னது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. குழுவுக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துப்போயிற்று.

செயல்முறை விளக்க விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. முச்சந்தியில் ஷாமியானா போட்டு, மேளம் வைத்திருந்தார்கள். ஸ்கூட்டரில் உட்கார ஆள் வேண்டும். யாரும் ஒப்புக்கொள்ளாததால், தணிகாசலம் தன் கடை வாசலில் நிற்கிற பொம்மைகளில் நல்லதாக ஒன்றை அனுப்பினார். உட்காரும் பொம்மை இல்லை அது. ஆகவே ஸ்கூட்டரில் நிற்கவைத்து இடுப்பில் கயிறு கட்டினார்கள். நிறை போதாதென்று காலடியில் மணல் மூட்டை வைத்தார்கள். ஹெல்மெட் மாட்டினால் கொண்டை கலையும் என்று பட்டுக்கடைப் பெண்கள் சொன்னதால் மாட்டவில்லை. அரக்குப் புடவை. பச்சைக் கோர்வைக் கரை. கரையிலிருந்த மயில் தன் கம்ப்யூட்டரில் பிறந்தது என்று குருவுக்குத் தெரிந்தது. மயிலின் கழுத்து சரியாக வரவில்லை என்று சங்கரி சொன்னதும் நினைவு வந்தது. இப்போது பார்த்தால் அவள் சொன்னது சரிதான்.

வண்டியை மேட்டுக்கு ஏற்றினார்கள். கல்லை எடுக்கப் போகும் நேரத்தில் தணிகாசலம் மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.

"சார், சார், அசல் பட்டு சார் அது. ஜரிகை நசுங்குச்சின்னா அவ்ளோதான். பாத்து இடிக்கச் சொல்லுங்க."

குழு கூடிப் பேசியது. ஜெனரேட்டரைச் சுற்றி மெத்தை கட்டினார்கள். வண்டிக்குப் பின்னால் வடம் கட்டி, தேர் இழுத்துப் பழகிய ஆட்கள் பத்துப் பேர் பிடித்துக்கொண்டார்கள். கல் எடுக்கப்பட்டது. வண்டி அவர்கள் விட்ட அளவுக்கு, அரிசி அளப்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மறுபுறம் மூன்று பேர் ஸ்கூட்டரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். முச்சந்தியில் இரண்டும் சந்தித்தன. மேளம் உச்சத்துக்குப் போனது. பொம்மையின் தலையிலிருந்து மல்லிகைச் சரம் நழுவித் தோளில் விழுந்தது. பொம்மை சிரித்துக்கொண்டே இருந்தது.

கூட்டம் கைதட்டியது. கைலாசம் மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த பொதுமக்களே, உங்கள் கண்ணாலேயே பார்த்தீர்கள். இந்த வண்டியும் இந்த ஸ்கூட்டரும் மோதினால் யாரும் இறக்க முடியாது. இது என் கருத்து அல்ல. அறிவியல்."

ஜான்சன் அவர் காதருகே குனிந்தார். மைக் அணைக்கப்படாமல் இருந்தது. "சார், அந்தம்மா இறந்துட்டாங்களே சார்."

"அது அவங்க சொந்த வேகம்," என்றார் கைலாசம்.

ஜனங்கள் பொம்மையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் பலகையின் கால்களுக்கு நடுவே இன்னொரு சின்னப் பலகை முளைத்திருந்தது. அதில் அரக்குப் புடவையின் படம். "மோதினாலும் கசங்காத பட்டு."

அன்று குரு இட்லி தின்னவில்லை. காந்தாவும் கேட்கவில்லை. அவன் நேராகக் குழு அலுவலகத்துக்குப் போனான். ஜான்சன் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அதை எடுக்க என்னதான் வழி சார்?"

ஜான்சன் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "விதியில ஒண்ணு இருக்குது. நாங்க எழுதினது ஊகம்தானே? இறந்தவங்க நெசமாவே கடைசியாச் சொன்னது வீட்டு ஆளுங்களுக்குத் தெரிஞ்சா, ஊகம் செல்லாது. நெசமானதத்தான் எழுதணும். அது ஜனங்களுக்குப் பிரயோசனமா இல்லன்னு குழு முடிவு பண்ணா பலகையே இருக்கக் கூடாது."

"ஏன் சார் முதல்லயே சொல்லல?"

"நீங்க வழி கேக்கல சார். நியாயம் கேட்டீங்க."

குரு வீட்டுக்கு வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அவள் கடைசியாகச் சொன்னது அவனிடம்தான் இருந்தது. அவள் அம்மாவிடம்கூட அவன் அதைச் சொன்னதில்லை. அவள் விட்டுப்போன பொருள்களை ஆளாளுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். இது ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை. இப்போது போய்ச் சொன்னால், குழுவுக்குப் பிடித்துவிட்டால், அதையும் சிவப்பில் எழுதுவார்கள். கீழே உபயம் போடுவார்கள். சொல்லாவிட்டால் அவள் சொல்லாததைத் தினமும் சொல்லிக்கொண்டு நிற்பாள்.

அடுத்த கூட்டத்துக்குப் போனான். அசையாத நிமிடம் முடிந்தது. அன்று டீ வரத் தாமதமானது. எல்லாரும் காத்திருந்தார்கள். கடைசியில் குருதான் எழுந்து நின்றான். அவள் சொன்னதைச் சொன்னான். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ஜான்சன் அதைக் குறித்துக்கொண்டார்.

"இவ்வளவுதானா?" என்றார் கைலாசம்.

"இவ்வளவுதான் சார்."

"இதுல வேகமே இல்லையே."

"ஹெல்மெட்டும் வரல சார்," என்றார் ஜான்சன், முகத்தை நிமிர்த்தாமல்.

"நல்லா யோசிச்சிப் பாரு தம்பி," என்றார் தணிகாசலம். "'பத்திரமா இரு'ன்னாச்சும் சொல்லியிருப்பாங்க. பொம்பளைங்க சொல்லுவாங்க."

"சொல்லல."

"சரி, கடைசியில 'நிதானமாக'ன்னு ஒரே ஒரு வார்த்தை சேத்துக்கலாமா?" என்று கேட்டார் கைலாசம். "அர்த்தம் கெடாது."

"கூடாது சார்."

கைலாசம் நாற்காலியில் சாய்ந்தார். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "நான் முப்பது வருஷம் பாடம் நடத்தினவன். ஒரு இயற்பியல் டீச்சர் வீட்டை விட்டுக் கிளம்பறப்போ இதையா சொல்லிட்டுப் போவாங்க? உலகத்துக்கு ஒரு செய்தி வேண்டாமா? தப்பா நினைக்காதீங்க தம்பி. அவங்களுக்கு நாங்க எழுதிக் குடுத்தது எவ்வளவோ மேல்."

இறந்தவரின் கடைசிச் சொற்கள் பொதுமக்களுக்குப் பயனற்றவை என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பலகையை அகற்ற உத்தரவாயிற்று. கைலாசம் குருவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே நாள்ல முடிவு சொல்ல வேண்டியதாப் போச்சு. மன்னிக்கணும். விசை கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கும்."

மறுநாள் காலையில் குரு மோட்டாரைப் போட்டான். மாடியில் நின்றான். நாலு விரல் கீழே வந்ததும் நிறுத்தினான். முச்சந்திக்கு வந்தபோது தினேஷ் என்கிற வெல்டிங் பட்டறைக்காரன் ஏணி மேல் நின்று போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். பலகையை நட்டவனும் அவன்தான். காந்தா இட்லித் தட்டை அடுப்பில் வைத்துவிட்டு வெளியே வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள்.

"அண்ணே, அந்தப் பக்கம் கொஞ்சம் தாங்குங்க. கனமா இருக்குது," என்றான் தினேஷ்.

குரு தாங்கினான். பலகை சரிந்து இறங்கியது. அவன் பிடித்த பக்கம் அவனுடைய தோளும் கால்வாசி மாலையும் இருந்தன. இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைச் சுவரோரம் முகம் திருப்பிச் சாய்த்து வைத்தார்கள்.

தினேஷ் பீடியை எடுத்துப் பற்றவைக்காமல் வைத்திருந்தான். "கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்கண்ணே. பிரயோசனம் இல்லாததுன்னு ஆர்டர் போட்டுக்கிறாங்களாமே. அக்கா அப்படி இன்னாதான் சொல்லிச்சு?"

காந்தாவும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

குழுவில் அவன் அதைப் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்லியிருந்தான். இப்போது அவள் சொன்னபடியே சொன்னான். செருப்பை மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு, வாசலிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள் சொன்னது:

"மோட்டார் போட்டிருக்கேன். மேல போய் நின்னு பாரு. தொட்டி ரொம்பி வழியறப்பதான் உனக்கு ஞாபகமே வரும்."